டேப் சுற்றாத சாவி

கண்ணாடிக்காரர் சில்லறைக் கோபத்துக்குத்தான் கத்துவார். குழம்பில் உப்புக் கூடினால் கத்துவார், கரண்ட் பில்லைப் பார்த்தால் கத்துவார். நிஜமான கோபம் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தும் டீச்சருக்கு அது அத்துப்படி. 

அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

"முழங்காலுக்குக் கீழ காப்பாத்த முடியாதுங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும். தள்ளிப்போட்டா மேல பரவிடும்," என்றார் டாக்டர். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றார். யாராவது அழுவார்கள், தேற்றிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாரோ என்னவோ. யாரும் அழவில்லை.

கண்ணாடிக்காரர் வராந்தாக் கடைசிவரை நடந்து போனார். அங்கே இருந்த தண்ணீர் மெஷினை ஒரு குத்துக் குத்தினார். தகரம் உள்வாங்கியது. விரல் முட்டியில் கிழிந்து ரத்தம் வழிந்ததை ஒரு பார்வை பார்த்தார், கைக்குட்டையை எடுத்து நிதானமாகச் சுற்றிக்கொண்டார், படியில் இறங்கினார்.

உள்ளே படுத்திருப்பவன் அவருடைய ஒரே தம்பி. டீச்சருக்குக் கொழுந்தன். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவன் தொழில். தண்ணீரில் இறங்கினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். போன வாரம் மேட்டு ரோட்டு இறக்கத்தில் அண்ணன் வீட்டுக் காரை ஓட்டிவந்தவன் பிரேக்கை மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. பாலத்துத் தூண்தான் நிறுத்தியது.

சர்வீஸ் முடித்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத கார் அது. பிரேக்கில் எல்லாம் புதுசு மாற்றியதாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். போலீஸ் யார்டு மெக்கானிக் வெடித்துப்போன பிரேக் ஹோஸ் ரப்பர் குழாயைக் கழற்றி எடுத்து விரலால் நிமிண்டிக் காட்டினார். வறட்டு ரொட்டி மாதிரி உதிர்ந்தது. புதுசாம்.

இதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் என்னவென்றால், சர்வீஸ் செய்த அந்தப் பெரிய ஷோரூமில் கவுண்டரில் உட்கார்ந்து வண்டிகளை வாங்கி விடுகிறவன் டீச்சரின் சொந்தத் தம்பி. வீட்டில் சுண்டு என்றுதான் பெயர். பிறந்தபோது அவ்வளவு பொடிசாக இருந்தான். இப்போது நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், பெயர் மட்டும் வளரவில்லை.

அவர் தம்பிக்குக் கால் போகிறது. போக்கியது இவள் தம்பி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டீச்சர் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தாள்.

கொழுந்தன் கண்ணைத் திறந்து, "அண்ணி," என்றான். மருந்து மயக்கத்தில் நாக்குக் குழறியது. "அண்ணனுக்குச் சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"கத்தினாரா?"

"இல்லப்பா."

அவன் கண்ணை மூடித் திறந்தான். "அப்ப இங்க ஏன் அண்ணி நிக்கிறீங்க? ஓடுங்க. சுண்டுவைக் கொன்னுடுவாரு. எனக்குக் கால் போறது போதும். அவன் உயிரும் அண்ணன் வாழ்க்கையும் சேர்ந்து போக வேண்டாம்."

டீச்சர் ஓடினாள்.

கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டும் தொழிலுக்கு அவர் வைத்திருந்த வேன் கிளம்பும்போது கதவைப் பிடித்துத் தொங்கி ஏறிவிட்டாள். பின்னால் அறுத்த கண்ணாடிப் பலகைகள் கிணுகிணுத்தன. இருக்கைக்கு நடுவில் ஒரு இரும்புக் கம்பி கிடந்தது. பழைய ஜன்னல் சட்டங்களை நெம்பி எடுக்க வைத்திருக்கும் கம்பி. எப்போதும் அது பின்னால்தான் கிடக்கும்.

"இறங்கு."

"மாட்டேன்."

"இறங்குன்னு சொல்றேன்ல."

"உங்க தம்பிக்காக நீங்க போறீங்க. என் தம்பிக்காக நான் வர்றேன். ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். ஒரு சிக்னலுக்கும் நிற்கவில்லை. பைக்கில் போன ஒருவனின் கண்ணாடியை உரசித் தள்ளிவிட்டுப் போனார், அவன் திட்டியதுகூட அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. டீச்சர் பேசிக்கொண்டே வந்தாள். அவன் தெரிந்து செய்திருக்க மாட்டான், ரிப்பேர் பார்ப்பது வேறு ஆட்கள், போலீஸ் பார்த்துக்கொள்ளும், நமக்கு இன்று ஆபரேஷன் இருக்கிறது.  பேசி ஓய்ந்து போய், ஆடிக்கொண்டிருந்த வேன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியின் தலையில் சுற்றியிருந்த மஞ்சள் டேப் அழுக்கேறி, ஓரம் பிரிந்து தொங்கியது. அந்த நிலைமையிலும் அவள் நகம் அரித்தது.

டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. எதன்மேல் எது ஒட்டியிருந்தாலும் சுரண்டி எடுக்காமல் இருக்க மாட்டாள். புதுப் பாத்திரத்து ஸ்டிக்கர், பெஞ்சில் பிள்ளைகள் ஒட்டிவைக்கும் பபிள்கம், ஜன்னலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய காகிதம், எல்லாவற்றுக்கும் அவள் நகம்தான் எமன். கார்ச் சாவியிலும் இதே மஞ்சள் டேப்பைச் சுண்டு சுற்றி வைத்திருந்தான். சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தின நாள் அதை உரித்து, எண்ணெய் தொட்டுப் பிசுக்கைத் துடைத்து, புது வளையம் மாட்டினாள். அதே கையோடு வேன் சாவியையும் எடுத்தபோது கண்ணாடிக்காரர், "அதைத் தொடாத," என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். இந்த மனுஷனுக்கு அழுக்கோடு அப்படி என்ன ஒட்டுறவோ என்று விட்டுவிட்டாள்.

ஷோரூம் வந்தது.

அதன் முகப்புக் கண்ணாடிச் சுவர் கண்ணாடிக்காரர் போட்டது. மச்சான் சுண்டு பார்த்து வாங்கிக்கொடுத்த வேலை. இரண்டு ஆள் உயரம், தெருவோரம் முழுக்க ஒரே பளபளப்பு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேனை மெதுவாக ஓட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

கம்பியோடு இறங்கியவரைப் பார்த்து, வாசலில் நின்ற பெண் சிரித்தாள். "வாங்க சார். கிளாஸ் பாக்க வந்தீங்களா?"

"ஆமாம்மா. நீ கொஞ்சம் தள்ளிப் போ."

அந்த மாதிரிக் கண்ணாடியை நடுவில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். அதன் உயிர் ஓரத்தில் இருக்கிறது. போட்டவருக்குத் தெரியாதா? அவர் குனிந்தார். கீழ் மூலையில், சட்டத்தை ஒட்டி, கம்பியின் முனையால் ஒரே இடி. சுவர் ஒரு கணம் வெள்ளை வெளேரென்று வெளுத்தது. பிறகு மொத்தமும் சர்க்கரை மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டியது. உள்ளே ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்த புதுக் காரின் மேல் கொட்டியது, சோபாவில் கொட்டியது, ஓடியவர்களின் தலையில் கொட்டியது. யாரோ ஒரு பெண் விடாமல் அலறினாள்.

அந்தக் குவியல்மேல் நடந்து அவர் உள்ளே போனார்.

சுண்டு கவுண்டருக்குப் பின்னால் எழுந்து நின்றான். "மாமா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

கம்பி கவுண்டரில் இறங்கியது. கம்ப்யூட்டர் திரை வாய் பிளந்தது. அடுத்த வீச்சு அவன் தலைக்கு வந்தது. குனிந்து தப்பித்து, ஒர்க்‌ஷாப் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

ஒர்க்‌ஷாப்பில் கார்கள் லிஃப்டில் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றன. வேலை நின்றது. மெக்கானிக்குகள் ஸ்பேனரும் கையுமாகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருவன்கூடக் கிட்டே வரவில்லை. டயர் அடுக்குக்கும் லிஃப்ட் தூணுக்கும் நடுவில் சுண்டு மாட்டிக்கொண்டான். முகத்தை மறைக்கத் தூக்கிய கையில் கம்பி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் ஓடிவந்த டீச்சருக்குக் கேட்டது. வகுப்பில் பிள்ளைகள் மரஸ்கேலை உடைத்தால் வரும் அதே சத்தம்.

"என் தம்பி கால் போகுதுடா," என்றார் கண்ணாடிக்காரர். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியபின் மனைவியை இறங்கச் சொன்னதற்கும் வாசல் பெண்ணைத் தள்ளிப் போகச் சொன்னதற்கும் மேல் அவர் பேசியது இதுதான். "அவன் இனிமே தண்ணியில எப்படிடா இறங்குவான்? சொல்லுடா. எப்படி இறங்குவான்?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு உதை. விலாவில், இடுப்பில், மறுபடி விலாவில். சுண்டு சுருண்டான். சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், பழைய ஆயில் வடித்து வைத்திருந்த தொட்டியில் அவன் முகத்தை அமுக்கினார். கறுப்பு ஆயில் நாலா பக்கமும் தெறித்தது. சுண்டுவின் கால்கள் தரையை உதைத்தன.

"விடுங்க. செத்துடுவான். என்னங்க, விடுங்க." டீச்சர் அவர் சட்டையைப் பற்றி இழுத்தாள். முழங்கையால் ஒரு இடி வந்தது. டூல் டிராலிமேல் போய் விழுந்தாள், உதடு கிழிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள்மேல் கை வைத்ததில்லை. இன்று வைத்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை.

சுண்டுவின் கால்களின் உதைப்பு குறைய ஆரம்பித்தது. டீச்சர் எழுந்து வந்து, தம்பியின் கழுத்தை அமுக்கிக்கொண்டிருந்த அந்த மணிக்கட்டைக் கடித்தாள். மனிதர்கள் கடிக்கும் கடி இல்லை அது. வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்வரை பல்லை எடுக்கவில்லை. பிடி தளர்ந்தது. சுண்டு தொட்டியிலிருந்து நழுவி விழுந்து, இருமி இருமி ஆயிலைக் கக்கினான்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். டை கட்டிய மனுஷன். பின்னால் இரண்டு செக்யூரிட்டிகள்.

"ஷட்டரை இறக்கு. கஸ்டமர் யாரும் இதைப் பாக்கக்கூடாது," என்றார். "அந்த ஆளை உள்ளயே வெச்சு நாலு போடு. கடையை உடைக்க வந்தவன், யாரு கேக்கப்போறா?"

ஒர்க்‌ஷாப்புக்கும் காத்திருக்கும் அறைக்கும் நடுவிலிருந்த ஷட்டர் கடகடவென்று இறங்கியது. செக்யூரிட்டிகளில் தடியனாக இருந்தவன் வீல் ஸ்பேனரால் கண்ணாடிக்காரரின் பின்மண்டையில் அடித்தான். அவர் முழங்கால் மடங்கி விழுந்தார். காதோரம் ரத்தம் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. மற்றவன் பூட்ஸ் காலால் அவர் முதுகில் மிதித்தான். அவர் எழ முயன்றார், மறுபடி மிதித்தான்.

இப்போதுதான் அவரைக் கடித்த டீச்சருக்கு, அவரை அடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றினாள். பின்னை இழு, குழாயை நீட்டு, அழுத்து என்று பள்ளிக்கூடத்தில் அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பின்னை இழுக்கவெல்லாம் நேரமில்லை. இரண்டு கையாலும் சிலிண்டரை வீசி, தடியனின் முட்டியில் இறக்கினாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு சரிந்தான். மற்றவன் திரும்பினான். இப்போது பின்னை இழுத்தாள். வெள்ளைப் பொடி அவன் முகத்தில் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் தடுமாறியவன், சுவரில் மாட்டியிருந்த சாவிப் பலகையில் முட்டினான். பலகை ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. சாவிகள் தரையெங்கும் சிதறின.

மேனேஜர் தன் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். டை வெளியே மாட்டிக்கொண்டது. திறந்து இழுத்துக்கொண்டு மறுபடி தாழ்ப்பாள் போட்டார்.

வெள்ளைப் பொடி மெல்லப் படிந்தது. யாரும் அசையவில்லை. சுண்டுதான் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தவழ்ந்து அக்காவிடம் வந்தான். முகத்தில் ஆயில், நடுவில் கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"அக்கா. சாவி எங்க?"

"எந்தச் சாவிடா?"

"நம்ம கார் சாவி."

அடிபட்டதில் மூளை கலங்கிவிட்டதோ என்று அவள் பயந்தாள். தோளில் இன்னும் குறுக்காகத் தொங்கிய கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். போலீஸ் யார்டில் திருப்பிக் கொடுத்தது. அவன் நல்ல கையால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"டேப் எங்கக்கா? நான் மஞ்ச டேப் சுத்தி வெச்சிருந்தேன்ல."

டீச்சர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தாள். சிதறிக் கிடந்த சாவிகளில் முக்கால்வாசி மொட்டையாக இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றில் மட்டும் மஞ்சள் டேப்.

"அது எதுக்குடா?"

"நம்மாளு வண்டின்னு ஒர்க்‌ஷாப்ல தெரியணும்ல. டேப் இருந்தா பசங்க எல்லாத்தையும் நிஜமாவே மாத்துவாங்க. நீ வண்டி விட்ட அன்னிக்கு நான் லீவு. இருந்தாலும் டேப் இருக்கே, பாத்துப்பாங்கன்னு நான் நிம்மதியா இருந்தேன்."

"டேப் இல்லாட்டி?"

சுண்டு தரையில் கிடந்த மொட்டைச் சாவிகளைப் பார்த்தான்.

"டேப் இல்லாட்டி என்னடா பண்ணுவாங்க?"

"பழசையே துடைச்சு மாட்டிடுவாங்க." குரல் கீழே போய்விட்டது. "அக்கா, அது மேல இருந்து வர்ற ஆர்டர். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான். என்னால நிறுத்த முடியாது. நம்ம வீட்டு வண்டியாவது ஒழுங்கா இருக்கட்டுமேன்னுதான் டேப் சுத்தினேன். உனக்காகத்தான்கா சுத்தினேன்."

பின்னால் கம்பி தரையில் உரசும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பாதி முகம் ரத்தம்.

"டேப்பை யாரு எடுத்தது?" என்றார்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். "நான்தான். அழுக்கா இருந்துச்சு. சுரண்டி எடுத்துட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

ஒரு அடி எடுத்து வைத்தார். கம்பி கூடவே வந்தது. அடிக்கட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் கிடப்பவன் அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவன், பேருக்குத்தான் கொழுந்தன், வளர்த்தது இவள்தான். அவன் காலை இந்த நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே கூசியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அடி விழவில்லை. மூடிய கண்ணுக்குள் வேன் சாவி ஆடியது.

அவள் கண்ணைத் திறந்தாள். சுண்டு சாவியைப் பார்த்து டேப் எங்கே என்றபோது, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதுக்குடா என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். இவர் எதற்கு என்று கேட்கவில்லை. என்ன டேப் என்றுகூடக் கேட்கவில்லை. நேரே, யார் எடுத்தது என்கிறார்.

"அதைத் தொடாதன்னு பிடுங்கினீங்களே," என்றாள் மெதுவாக. "உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். அது கோபத்து மௌனம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கோபத்து மௌனத்தில் அவர் கண்ணைத் தாழ்த்த மாட்டார்.

"எப்பத்துலேர்ந்து?"

"கண்ணாடி மாட்டுற வேலைக்கு வந்தப்பவே மாமா பாத்துட்டாரு. அப்புறம் அவரே வேன் சாவியைக் கொண்டாந்து..." என்றான் சுண்டு.

"வாயை மூடுடா."

"அவன் பேசட்டும்," என்றாள் டீச்சர். கிழிந்த உதடு பேசப் பேச எரிந்தது. "டேப்பை எடுத்தவ நான். சாகுற வரைக்கும் அது என்னை உறுத்தும், அது என் தலையெழுத்து. ஆனா பிரேக்கை மாத்தாம விட்டது நானா? ஊரு வண்டிக்கெல்லாம் பிரேக் இல்லன்னு தெரிஞ்சு, நம்ம வண்டிக்கு இருந்தா சரின்னு ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒருத்தன் உதை வாங்குறான், ஒருத்தர் உதைக்கிறாரு. இதுல யாருக்கு யாரை உதைக்க என்ன யோக்கியதை இருக்கு?"

 டீச்சர் ஷட்டர் பட்டனை நோக்கி நடந்தாள்.

சுண்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, வெளிய சொல்லிடாத. என்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க. நான் ஜெயிலுக்குப் போயிடுவேன்கா."

"போ."

"அக்கா..."

"போய்ட்டு வா. சாப்பாடு கொண்டுவந்து தர்றேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆயிலில் ஊறிய அவன் தலையை ஒரு தரம் தடவிவிட்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"யோசிச்சுப் பண்ணு," என்றார் கண்ணாடிக்காரர். "அவனோட நிக்காது. என்னையும் இழுக்கும்."

"இழுக்கட்டும்."

ஷட்டர் ஏறியது. காத்திருக்கும் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ரத்தமும் வெள்ளைப் பொடியுமாக வந்து நின்ற பெண்ணைப் பார்த்து ஒருவர் கையெடுத்துக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார். டீச்சர் பேசினாள். கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல், பல வருஷம் பழகிய குரல்.

"யாரும் வண்டியை எடுக்காதீங்க. சாவியில மஞ்ச டேப் சுத்தியிருந்தா மட்டும்தான் உள்ள வேலை நடந்திருக்கு. மத்த வண்டியெல்லாம் பிரேக்கை நம்பி ஓட்டாதீங்க."

ஒரு பெரியவர் தன் சாவியை எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். "என் சாவி சுத்தமா இருக்கேம்மா."

"அதான் சார் வேண்டாங்கிறேன்."

பெரியவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல வாசலைக் காட்டினார். "இப்பத்தான் ஒரு அம்மா ரெண்டு பிள்ளைங்களோட எடுத்துட்டுப் போச்சே. கண்ணாடி உடைஞ்சதுல பிள்ளைங்க மிரண்டு அழுதுச்சுங்க. சீக்கிரம் சாவியைக் குடுன்னு வாங்கிட்டுப் போச்சு."

டீச்சர் திரும்பினாள். சுண்டு ஒர்க்‌ஷாப் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கேட்க வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே இருந்தது.

"சிவப்பு வண்டி," என்றான். "பிரேக் மிதிச்சா சத்தம் வருதுன்னு விட்டுட்டுப் போனாங்க."

"டேப்?"

தலையை ஆட்டினான். இல்லை.

"வீடு எந்தப் பக்கம்?"

"மேட்டு ரோடு தாண்டி."

அவன் இடது கையால் போனை எடுத்து அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிற பெண் எப்படி எடுப்பாள்?

டீச்சர் கண்ணாடிக்காரருக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். "வேன் சாவி."

அவர் அசையவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையில் அவள் பல் பதிந்த இடம் வீங்கியிருந்தது.

"அதுல டேப் இருக்கு. அது ஒண்ணுதான் நிக்கும். கொடுங்க."

கம்பி தரையில் விழுந்தது. அவர் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார்.  சாவி ஈரமாக இருந்தது, அவர் ரத்தம். மஞ்சள் டேப் அவள் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. பழக்க தோஷம், கட்டைவிரல் நகம் அதன் பிரிந்த ஓரத்தைத் தேடிப் போனது.

டீச்சர் விரல்களை இறுக மடக்கிக்கொண்டாள். கொட்டிக் கிடந்த கண்ணாடியின் மேல் மிதித்து வேனை நோக்கி ஓடினாள். பின்னால், சுண்டுவின் கையில் போன் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.